டைட்டஸின் அடுத்த சண்டை

சித்தூர் புறவழிச் சாலையை ஒட்டிய மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் டைட்டஸ் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கூழ் நிரப்பிய இரும்பு டிரம் ஒவ்வொன்றும் இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அவற்றைத் தூக்கி அடுக்குவதும், லாரி வந்தால் ஏற்றிவிடுவதும்தான் வேலை. மாங்காய் வராத மாதங்களில் ஆலை சோம்பிக் கிடக்கும். அப்படி ஒரு பிப்ரவரி மாதம், முற்பகல் பதினொரு மணிக்கு, டிரம் வரிசைகளுக்கு நடுவில் அவன் வண்டியை நிறுத்திவிட்டு போனை எடுத்தான். ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீகர்.

"அன்னா, சாம்பியனுக்கு முழங்கால் போச்சு," என்றான் ஸ்ரீகர் தெலுங்கில். "ஆபரேஷன். ஒன்பது மாசத்துக்கு உள்ளே வரமாட்டான்."

ஸ்ரீகர் கூண்டுச் சண்டை நடத்தும் கம்பெனியில் ஜோடி சேர்க்கிறவன். யாரோடு யார், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பதையெல்லாம் அவன்தான் முடிவு செய்வான். குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளி அமுக்கலாம், கழுத்தை இறுக்கலாம். எதிராளி தரையைத் தட்டினால் விட்டுவிட வேண்டும். டைட்டஸ் ஆறு வருஷமாக அந்தக் கூண்டுக்குள் போய்வருகிறான். பத்து சண்டையில் எட்டு வெற்றி. கடைசி ஐந்தும் தொடர் வெற்றி. நூற்றிருபது கிலோ வரையிலான ஹெவிவெயிட் பிரிவில் சாம்பியனுக்கு அடுத்த பெயர் அவனுடையது. மார்ச் கடைசியில் பட்டத்துக்கான சண்டை என்று வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார்கள்.

"அப்போ எனக்கு?" என்று கேட்டான் டைட்டஸ்.

"தேதி அப்படியே இருக்கு. மண்டபம் பிடிச்சாச்சு. தற்காலிக பெல்ட் வைக்கிறோம். ஜெயிச்சவன் சாம்பியன் திரும்பி வந்ததும் அவனோட மோதலாம். உனக்கு எதிரே நிக்க ஆள் வேணும். இந்த எடையில நாட்டுல எத்தனை பேர் இருக்கான், நீயே சொல்லு."

"யாரு?"

ஸ்ரீகர் கொஞ்சம் தயங்கினான். "பிரஹ்லாத். நேத்தே கேட்டேன். சரின்னுட்டான்."

பத்து நாளில் பதில் வேண்டும் என்று சொல்லி ஸ்ரீகர் வைத்துவிட்டான். ஆலைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை டைட்டஸ் நடந்தான். மறுபடி நடந்தான். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, எதுனா காணோமா?" என்று கேட்டார்.

பிரஹ்லாத் திருப்பதிக்காரன். பெருமாள் வாகனத்தைத் தோளில் தாங்கும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம். அவனும் இருபது வயதிலிருந்து உற்சவங்களில் தோள் கொடுத்தவன். அந்தத் தோளை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் பெங்களூருக்குப் போய் இரண்டு வருஷம் பிடிவித்தைகள் கற்றுக்கொண்டு வந்தான். முட்டைகூடத் தொடாத நூற்றெட்டு கிலோ ஆள். திருச்சானூர் சாலையில் டயர் கடைக்கு மேல் மாடியில் ரப்பர் பாய் விரித்துப் பயிற்சிக்கூடம் வைத்திருந்தான்.

டைட்டஸ் அவனைச் சந்தித்தது திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில். கான்ஸ்டபிள் தேர்வில் ஓட்டத்தில் தோற்ற பிறகு டைட்டஸ் அங்கே வாசல் காவலுக்கு நின்றிருந்தான். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் நாலு பேர் குடித்துவிட்டுத் தகராறு செய்ய, டைட்டஸ் ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே வைத்தான், அடிக்கவில்லை. விருந்துக்கு வந்திருந்த பிரஹ்லாத் அதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, உனக்கு எதிரே சரிசமமா ஒருத்தன் நின்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டான். மறுநாளே டைட்டஸ் டயர் கடை மாடிக்குப் போனான். அன்றிலிருந்து வாரத்தில் நான்கு நாள் சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் கிராஸ், பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக எழுபது கிலோமீட்டர் பைக்கில் போய்வந்துகொண்டிருந்தான். இருவருக்கும் வேறு பயிற்சியாளர் இல்லை. டைட்டஸின் குத்தை பிரஹ்லாத் வாங்கினான், பிரஹ்லாத்தின் பிடியில் டைட்டஸ் மூச்சுத் திணறினான். ஒருவனை ஒருவன் அப்படித்தான் செதுக்கினார்கள். கூண்டுக்குள் மட்டும் இருவரும் எதிரெதிரே நிற்பதில்லை என்று தொடக்கத்திலேயே கைகொடுத்துப் பேசி வைத்திருந்தார்கள்.

அந்தப் பேச்சு உடைந்ததுகூட டைட்டஸுக்கு இரண்டாம் பட்சமாகத்தான் இருந்தது. அவனைச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்தது வேறொன்று.

சங்கராந்திக்கு முந்தின வாரம், பயிற்சியின்போது டைட்டஸின் இடது கைக் குத்து பிரஹ்லாத்தின் வலது கண்ணில் நேராக இறங்கியது. இடது கைதான் டைட்டஸின் பலம். எட்டு வெற்றியில் ஐந்து அந்தக் கையால் வந்தவை. பிரஹ்லாத் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், ஐஸ் வைத்தான், அரைமணியில் எழுந்தான். நாலு நாள் கழித்து டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அந்தக் கண்ணுல கறுப்பு நூல் மாதிரி என்னமோ மிதந்துண்டே இருக்குடா. இருட்டுல ஓரத்துல மின்னல் வேற அடிக்கறது. உன் குத்துக்கு இலவச இணைப்பு."

டைட்டஸ் அதை வீட்டில் சொன்னபோது அவன் மனைவி பிளெஸ்ஸி சிரிக்கவில்லை. அவள் சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஏங்க, அது கண்ணுக்குப் பின்னால கீற தெரை கிழிஞ்சிருக்கலாம்," என்றாள். "இப்பவே பாத்தா லேசர் வெச்சி ஒட்டிடுவாங்க. இன்னொரு அடி வாங்கினா தெரை பிரிஞ்சி வந்துரும். அப்புறம் பார்வையே போயிரும். அவர உடனே டாக்டர்கிட்ட போச் சொல்லுங்க."

டைட்டஸ் சொன்னான். பிரஹ்லாத் போகவில்லை. கண் பரிசோதனை எழுத்து அட்டையில் கடைசி வரி வரை படிக்க முடிகிறது, பிறகென்ன என்றான். நீரஜாவிடம் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டான். நீரஜா அவன் மனைவி.

ஸ்ரீகரின் போன் வந்த மறுநாள் காலை டைட்டஸ் திருப்பதிக்குப் போனான். இருவரும் ஒன்றரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். இவன் பேசுவான் என்று அவனும், அவன் பேசுவான் என்று இவனும் காத்திருந்தார்கள். டைட்டஸ் ஒரு குத்தும் முகத்துக்கு விடவில்லை. வியர்வை துடைக்கும்போது பிரஹ்லாத்தே ஆரம்பித்தான்.

"ஸ்ரீகர் பேசினானா?"

"பேசினான்."

"கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு. உன் கண்ண காட்டினியா, அத்த சொல்லு."

பிரஹ்லாத் துண்டை உதறிக் கொடியில் போட்டான். "எனக்கு முப்பத்துநாலு ஆறதுடா. நாலாவது எடத்துலயே மூணு வருஷமா உக்காந்துண்டிருக்கேன். சாம்பியன் முழங்கால் போனதாலதான் எனக்கு இந்த வாசல் தெறந்தது. இப்ப டாக்டர்கிட்ட போனா அவர் ஒரு வருஷம் வேண்டாம்பார். ஒரு வருஷம் கழிச்சு என்னை யார் ஞாபகம் வெச்சுப்பா?"

"கை ஒடைஞ்சா புத்தூருக்குப் போய் கட்டு போட்டுக்கினு வரலாம். கண்ணுக்கு எங்கடா போவே?"

"நீ சரின்னு சொல்லலேன்னா, நம்ம எடையில புதுசா வந்திருக்கானே ஒரு ரஷ்யாக்காரன், அவனை எனக்கு எதிரே நிறுத்தறேன்னு ஸ்ரீகர் சொல்லிட்டான். நான் அதுக்கும் சரின்னுட்டேன்." பிரஹ்லாத் அவன் அருகில் வந்தான். குரலைத் தாழ்த்தினான். "அவனுக்கு என் கண்ணு தெரியாது. உனக்குத் தெரியும். நீ வாடா. எங்க வேணும்னாலும் அடி. ஜெயி, பெல்ட்டை எடுத்துக்கோ. இந்தப் பக்கம் மட்டும் விட்டுடு."

டைட்டஸ் படியிறங்கி பைக்கை எடுத்தான். சந்திரகிரி தாண்டும்வரை வந்த வழியே நினைவில்லை.

அடுத்த நாள் மதியம், ஆலைக்குப் பின்னால் அவன் தொங்கவிட்டிருந்த மணல் மூட்டையின் மேல் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டான். எதிரே நிற்பவனின் வலது கண் இருக்கும் உயரத்தில். அந்த வட்டத்தைத் தொடாமல் ஐந்து நிமிஷம் குத்திப் பார்ப்பது என்று முடிவு செய்து தொடங்கினான். முதல் நிமிஷம் கவனமாகப் போயிற்று. இரண்டாவது நிமிஷம் மூச்சு ஏறியதும் கை தன் போக்கில் போனது. ஐந்து நிமிஷம் முடிந்து பார்த்தபோது வட்டம் அழிந்து அவன் இடது கையுறையின் முட்டிகளெல்லாம் வெள்ளையாக இருந்தன. மறுபடி வரைந்தான். மறுபடியும் அழிந்தது. மூன்றாவது தடவை இடது கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு குத்தினான். அந்தக் கையை யாரோ முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டதுபோல் உடம்பு தடுமாறியது. ஆறு வருஷமாக அந்தக் கையைப் பழக்கியவன் பிரஹ்லாத்.

அந்த வாரம் வீட்டில் அவன் சாப்பிடும்போதே எழுந்து வாசலுக்குப் போனான். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு நடுவே மூன்று முறை வெளியே வந்து தண்ணீர் குடித்தான். சபையார் திரும்பிப் பார்த்தார்கள். அந்த உடம்பு எழுந்தால் பெஞ்சே ஆடும். பிளெஸ்ஸிக்கு வெட்கமாகிவிட்டது.

"முடியாதுன்னு சொல்லிட்டு வேலையப் பாருங்களேன்," என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"நான் முடியாதுன்னா அந்த ரஷ்யாக்காரன் வருவான். அவன் குத்துறத நான் பாத்திருக்கேன். நாலே குத்துல ஒருத்தன் தாடைய ஒடைச்சான்."

"அப்ப சரின்னு சொல்லப் போறீங்களா?"

"சரின்னா என் கையாலயே அவன் கண்ணு போவும். இல்ல, அந்தப் பக்கம் அடிக்காம நாடகம் ஆடணும். டிக்கெட் வாங்கிக்கினு வந்து குந்தறவனுங்க இன்னா முட்டாளா?"

"ஸ்ரீகர்கிட்ட உண்மைய சொல்லுங்க."

"சொல்லலாம். பிரஹ்லாத் மறைச்சான்னு எழுதி வெச்சிருவானுங்க. அப்புறம் எந்தக் கம்பெனியும் அவனுக்கு போன் பண்ணாது. கண்ணு சரியாப் பூட்டாகூட."



எட்டாம் நாள் நீரஜா கூப்பிட்டாள். அவள் வழக்கமாக டைட்டஸுக்குப் போன் செய்கிறவள் இல்லை.

"அண்ணா, இவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? காலம்பற லீலா மஹால் சர்க்கிள்ல ஸ்கூட்டர்ல போயிண்டிருந்தோம். வலது பக்கத்துலேர்ந்து ஆட்டோ வந்தது. அவ்வளவு பெரிய ஆட்டோ, அவர் பாக்கவே இல்லை. நான் கத்தினப்புறம்தான் பிரேக் போட்டார். கேட்டா வெயில் கண்ணுல அடிச்சதுங்கறார். வெயில் முதுகுப் பக்கம்ண்ணா."

டைட்டஸ் செல்போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டான். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவனின் முகமும் வந்தது.

"நான் பாத்துக்கிறேம்மா," என்றான். "ரெண்டு நாள் அவன வண்டி ஓட்ட உடாத."

வைத்த கையோடு ஸ்ரீகரைக் கூப்பிட்டான். என்ன சொல்லப் போகிறான் என்பது மணி அடிக்கும்போதுகூட அவனுக்கே தெரியாது. ஸ்ரீகர் எடுத்ததும் வாயில் வந்தது இதுதான்:

"ஸ்ரீகர், எனக்குக் கண்ணுல கோளாறு. கறுப்பு நூல் மாதிரி மிதக்குது. ஓரத்துல மின்னல் அடிக்குது."

பிளெஸ்ஸி சொன்னதையெல்லாம் அவன் தன் கண்ணுக்கு நேர்ந்ததாகச் சொன்னான். எழுத்து அட்டையை மட்டும் பார்த்தால் தெரியாது, சொட்டு மருந்து விட்டுப் பின்பக்கத் திரையைப் பார்க்க வேண்டும், அதுவரை கையெழுத்துப் போடமாட்டேன் என்றான். ஸ்ரீகர் தெலுங்கில் இரண்டு வசவு வைதான். பிறகு யோசித்தான். இன்சூரன்ஸ்காரர்கள் ஏற்கெனவே குடைந்துகொண்டிருந்தார்கள். ஒருவனுக்குப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் எதிராளிக்கும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"ரெண்டு பேரும் திருப்பதியிலேயே பாத்துக்குங்க. வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட் நேரா எனக்கு வரணும்," என்றான்.

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து மருந்து விட்டார்கள். பிரஹ்லாத் வரமாட்டான் என்றே டைட்டஸ் நினைத்திருந்தான். வராவிட்டால் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று ஸ்ரீகர் மிரட்டியிருக்க வேண்டும். அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொன்னாள் நர்ஸ். இரண்டு பெரிய உடம்புகள், மூடிய கண்களோடு, தோள் உரச உட்கார்ந்திருந்தன.

"உனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லை," என்றான் பிரஹ்லாத் கண்ணைத் திறக்காமலே.

டைட்டஸ் கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்தான்.

"நூலு, மின்னல். என் வார்த்தையை அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கே. ஸ்ரீகர் எங்கிட்ட அப்படியே சொன்னான்டா. உன்னை நம்பித்தானே சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சே பண்ணியா?"

"ஆமா."

டாக்டரம்மா பிரஹ்லாத்தின் கண்ணை வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணின் திரை இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது; ஒரு கிழிசலின் ஓரம் ஏற்கெனவே தூக்கிக்கொண்டு நின்றது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் லேசரால் ஆகியிருக்காது, பெரிய ஆபரேஷன்தான் என்றார். அன்று மதியமே லேசர் வைத்தார்கள். நீரஜா ஓடி வந்தாள். டைட்டஸ் வெளிவராந்தாவில் நின்றிருந்தான். மருந்தினால் அவனுக்கும் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. நீரஜா தன்னைப் பார்த்துக் கும்பிட்டாளா, தலையிலடித்துக்கொண்டாளா என்பதுகூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. பைக்கை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் சித்தூர் வந்து சேர்ந்தான்.

டைட்டஸின் கண்கள் சுத்தமாக இருந்தன. ரிப்போர்ட்டும் அப்படியே போயிற்று. ஆனால் ஸ்ரீகர் காத்திருக்கவில்லை. கண்ணில் கோளாறு என்று டைட்டஸ் சொன்ன அன்றே அந்த ரஷ்யாக்காரனையும் கோலாப்பூர் பயில்வான் ஒருவனையும் பேசி முடித்துப் போஸ்டருக்குக் கொடுத்துவிட்டான்.

"நீதானே அன்னா கோளாறுன்னே," என்றான். "நான் சும்மா உக்காந்திருக்க முடியுமா?"

ஐந்து வெற்றிகளால் ஏறி வந்த படி ஒரே பொய்யில் இறங்கிப் போயிற்று. மார்ச் கடைசியில் ரஷ்யாக்காரன் முதல் சுற்றிலேயே ஜெயித்துத் தற்காலிக பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். டைட்டஸ் அதைச் செல்போனில் பார்த்தான். அந்தக் கூண்டில் கோலாப்பூர்க்காரன் நின்ற இடத்தில் பிரஹ்லாத் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பிளெஸ்ஸியிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பிரஹ்லாத் போனை எடுப்பதில்லை. டயர் கடை மாடிக்கு ஒருமுறை போனபோது, வந்திருந்த மாணவர்கள் முன்னால் அவன் டைட்டஸைப் பார்க்காமலே பாயைச் சுருட்டினான். டைட்டஸ் திரும்பிவிட்டான். அதன் பிறகு ஆலைக்குப் பின்னால் தனியாகவே பயிற்சி செய்தான். பிளெஸ்ஸியின் தம்பி ஜெர்ரி வந்து கைகளில் மாட்டும் குத்துப் பட்டையைப் பிடித்தான். எழுபது கிலோ ஆள். ஒவ்வொரு குத்துக்கும் இரண்டடி பின்னால் போனான்.

ஜூன் மாதம் ஸ்ரீகர் ஒரு சண்டை கொடுத்தான். பெங்களூரில், மாலை நிகழ்ச்சியின் இரண்டாவது ஜோடி, ரோஹ்தக்கிலிருந்து வந்த ஒரு புதியவனோடு. ஆட்கள் இருக்கைகளைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடக்கிற சண்டை. அப்போது மாங்காய்ப் பருவம். தோதாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலிலிருந்து காணிப்பாக்கம் சாலை வரை வரிசை கட்டி நின்றன. லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டார். டைட்டஸ் மூன்று நாள் இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு நாலாம் நாள் பெங்களூருக்கு பஸ் ஏறினான். முதல் இரண்டு சுற்றும் திணறி, மூன்றாவது சுற்றில் ரோஹ்தக்காரனைக் கீழே தள்ளி, பிரஹ்லாத் கற்றுக்கொடுத்த பிடியில் கழுத்தை இறுக்கி ஜெயித்தான். பெரிய கைத்தட்டல் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் எல்லாம் புரண்டது. பழைய சாம்பியன் முழங்கால் தேறாமல் ஓய்வு அறிவித்துவிட்டான். ரஷ்யாக்காரன்தான் இனி முழுச் சாம்பியன். அக்டோபரில் அவன் பெல்ட்டைக் காக்க வேண்டும்.

"நீதான் அன்னா," என்றான் ஸ்ரீகர். "நேரா பெல்ட். ஆறு வாரம்தான் இருக்கு. நாளை மறுநாள் சொல்லு."

டைட்டஸ் அன்று ஆலையில் ஒரு டிரம்மைத் தவறான வரிசையில் வைத்து, திருப்பி எடுத்து, மறுபடி தவறாக வைத்தான். மத்தியானம் பாதி நாள் லீவு போட்டுவிட்டு பைக்கைத் திருப்பதிக்கு விட்டான். ஏன் போகிறோம் என்று அவனால் சொல்லியிருக்க முடியாது. கேட்க வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மாடியில் பிரஹ்லாத் தனியாகப் பாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"செருப்பை வெளியில விடு," என்றான்.

ஆறு மாதம் கழித்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. டைட்டஸ் செருப்பை விட்டுவிட்டு வந்து நின்றபடியே சொன்னான். அக்டோபர், ரஷ்யாக்காரன், பெல்ட்.

பிரஹ்லாத் செல்போனை எடுத்தான். பெங்களூர்ச் சண்டையின் வீடியோ அதில் இருந்தது. முன்பே பலமுறை பார்த்திருக்கிறான் என்பது அவன் விரல் தேடிய வேகத்தில் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இங்க பாரு. அவன் கை கீழ எறங்கிடுத்து. மொகம் தெறந்து கிடக்கு. உன் இடது கை எங்கடா?"

டைட்டஸ் குனிந்து பார்த்தான். கை அவன் மார்போடு ஒட்டியிருந்தது.

"இது இன்னொண்ணு. இதுவும். பத்து நிமிஷத்துல அந்தக் கை ஒரு தடவைகூட அவன் மொகத்துக்குப் போகலை. ரோஹ்தக்காரன் கத்துக்குட்டி, தப்பிச்சே. அந்த ரஷ்யாக்காரன்கிட்ட இப்படி நின்னா உன்னைத் தூக்கிண்டுதான் வரணும்." அவன் குரல் உயர்ந்தது. "அது என் கண்ணு இல்லைடா டைட்டஸ். அவனோட கண்ணு. யாரை அடிக்கறோம்னு தெரியாம எப்படிடா கூண்டுக்குள்ள போறே?"

அந்தக் கை வராமல் போனது டைட்டஸுக்கே தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொள்வதுபோல் திரும்பிக்கொண்டான்.

"அப்ப இன்னா சொல்றே? வேணாமா?"

"அந்தக் கை திரும்பி வர்ற வரைக்கும் பெல்ட்டுக்குப் போகாதே. வேற யாரோடயாவது ஒரு சண்டை போடு. அப்புறம் போ."

பைக்கை எடுக்கும்போது டைட்டஸுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தனக்குக் கிடைக்காத வாசலைப் பிரஹ்லாத் எனக்கும் அடைக்கிறானா? அடுத்த நாள் முழுவதும் அந்தச் சந்தேகம் அவனை அரித்தது. பிளெஸ்ஸியிடம் வீடியோவைக் காட்டினான். அவளுக்குச் சண்டை பிடிக்காது, விரல் இடுக்கு வழியாகத்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "கைய யாரோ கட்டிப் போட்ட மாதிரி கீது," என்றாள். அதுவே போதுமானதாக இருந்தது.

"அக்டோபர் வேணாம் ஸ்ரீகர். டிசம்பர்ல வேற ஆள் குடு."

"பைத்தியமா அன்னா நீ? பெல்ட்டை வேண்டாங்கறியா?"

"ஆமா."

ஸ்ரீகர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு டிசம்பரில் ஹைதராபாத்தில் ஒரு கஜகஸ்தான்காரனைக் கொடுத்தான். டைட்டஸ் மறுபடியும் சந்திரகிரி வழியாக பைக்கில் திருப்பதிக்குப் போய்வரத் தொடங்கினான். அடி வாங்கும் பயிற்சி கூடாது என்று டாக்டரம்மா பிரஹ்லாத்துக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவன் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு குத்துப் பட்டை மட்டும் பிடித்தான். முதல் வாரம் டைட்டஸின் இடது கை பட்டைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. பிரஹ்லாத் திட்டினான், தமிழிலும் தெலுங்கிலும். மூன்றாவது வாரம் கை பட்டையில் இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டு, கீழே இருந்த டயர் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

டிசம்பர்ச் சண்டையில் டைட்டஸ் தோற்றான். மூன்று சுற்றும் நின்று ஆடி, நடுவர்களில் இரண்டு பேர் கஜகஸ்தான்காரனுக்கும் ஒருவர் இவனுக்கும் கொடுத்தார்கள். இடது கை பதினேழு முறை போய் இறங்கியதாகப் பிரஹ்லாத் எண்ணிச் சொன்னான். வரிசையில் டைட்டஸின் பெயர் இப்போது நான்காவது.

ஆஸ்பத்திரி நாற்காலியில் நடந்ததைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. பிரஹ்லாத் நன்றி சொல்லவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. நீரஜா மட்டும் கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினாள். ஜனவரியில் ஸ்ரீகர் மறுபடி கூப்பிட்டு, ஏப்ரலில் கோவாவில் ஒருத்தன் இருக்கிறான், என்ன சொல்கிறாய் என்று கேட்டான். டைட்டஸ் ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டு இறங்கினான்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றான். "ஒருத்தன கேக்கணும்."